மணத்தக்காளி விசாரணை

மணத்தக்காளி கீரையா, களையா என்ற சந்தேகம் நம் ஊரில் யாருக்கும் வந்ததில்லை. திருச்சியில் அது கொல்லைப்பக்கம் தானாக முளைக்கும். வாயில் புண் வந்தால் நாலு கொத்துப் பறித்து, பாசிப்பருப்பு போட்டு வேகவைத்துச் சாப்பிடுவோம். புண் ஆறிவிடும். இதற்கு நடுவில் யாரும் கூட்டம் போடுவதில்லை, தீர்மானம் நிறைவேற்றுவதில்லை. ஜெர்மனியில் போட்டார்கள், நிறைவேற்றவும் செய்தார்கள். அந்தத் தீர்மானத்தில் மாட்டிக்கொண்டு விழித்தது என் குடும்பம்.

என் பெயர் குருமூர்த்தி. எர்லாங்கனில் ஒரு பெரிய மின்னணுக் கம்பெனியில் எஞ்சினியர். 1971-ல் தனியாக வந்தேன். அடுத்த வருஷம் லீவில் போய்க் கல்யாணம் செய்துகொண்டு வத்சலாவை அழைத்து வந்தேன். என் மாமனார் தாசில்தார் ஆபீஸில் ஹெட் கிளார்க். அது எவ்வளவு முக்கியமான விஷயம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல் தெரியும், அதில் எப்போதும் திரை போட்டிருக்கும். நான் காலையில் சைக்கிளில் கிளம்பிப் போனால் சாயங்காலம்தான் வருவேன். அதுவரை வத்சலாவுக்குப் பேச்சுத்துணைக்கு ஓர் ஈ காக்கை கிடையாது. குளிர்காலத்தில் ஈயும் கிடையாது. வசந்தம் வந்ததும் ஒரு நாள் சாதம் பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"இந்தக் கோடை முடியறவரைக்கும் பாக்கறேங்க. அப்பவும் இப்படியே இருந்தா நான் ஊருக்குப் போயிடறேன். நீங்க ப்ராஜெக்ட் முடிச்சுட்டு மெதுவா வாங்க."

அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். அவள் அழவில்லை, ரசம் ஊற்றினாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

ஆபீஸில் ரவிச்சந்திரனிடம் சொன்னேன். அவன் கல்யாணம் ஆகாதவன், ஆகவே குடும்ப விஷயங்களில் எல்லாம் அவனிடம் தெளிவான அபிப்பிராயம் இருக்கும். "ஒரு கார்டன் லீஸுக்கு எடு, குரு. இங்க ஃப்ளாட்ல இருக்கறவன் எல்லாம் ஊருக்கு வெளியில ஆளுக்கு ஒரு துண்டு வச்சிருக்கான். சண்டே ஆனா அங்கதான் கிடப்பான். மண்ணுல கை வச்சா ஹோம்சிக் போயிடும், சிம்பிள்" என்றான். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை இப்படித்தான் தொடங்கியது.

தோட்டங்களை ஒரு சங்கம் நிர்வகித்தது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். அது இன்னும் இருக்கிறது, வழக்குப் போடுவதற்கென்றே அதில் ஒரு துணைக்குழுவும் இருக்கிறது. ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு துண்டை யாரும் குத்தகைக்கு எடுக்க முன்வராததால் அது எங்களுக்குக் கிடைத்தது. சின்ன நிலம், நடுவில் மரக் குடிசை, சுற்றி வேலிச்செடி. ஆனால் தற்காலிகம்தான். இலையுதிர்காலத்தில் பொதுக்குழு கூடி, எங்களை நிரந்தரமாக்குவதா, வெளியே அனுப்புவதா என்று ஓட்டெடுக்கும்.

சங்கத் தலைவர் ஹெர் கெஸ்லர். (அங்கே ஆண்களுக்கு ஹெர், பெண்களுக்கு ஃப்ராவ் என்று மரியாதை.) எடைக்கல், அளவுகோல் சோதனை செய்யும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஓய்வு அவருக்குப் பிடிக்கவில்லை. சட்டைப்பையில் எப்போதும் அளக்கிற மடக்குக்கோல் இருக்கும். பேசும்போதே கை அதைத் தடவிக்கொண்டிருக்கும். முதல் நாளே எங்கள் டெலிபோன் டைரக்டரியைவிடக் கனமான ஒரு புத்தகத்தை என் கையில் கொடுத்தார். சங்க விதிகள்.

"சுருக்கமாகச் சொல்கிறேன்" என்றார். "நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காய்கறி இருக்க வேண்டும். வேலி ஒன்றேகால் மீட்டருக்கு மேல் வளரக்கூடாது. களை கூடாது. மதியம் ஒன்றிலிருந்து மூன்று மணிவரை ஓய்வு நேரம், சத்தம் கூடாது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் ஒரு சரக்கு ரயில் தடதடவென்று போனது. கெஸ்லர் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"ஓய்வு நேரத்தில் போகிறது. ரயில்வேக்கு ஆண்டுதோறும் எச்சரிக்கை அனுப்புகிறேன். பதில் போடுவதில்லை. என்றாவது ஒரு நாள் திருந்துவார்கள்."

வத்சலாவுக்கு மண்ணைப் பார்த்ததும் உற்சாகம் வந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய் விதை, கத்திரி விதை எல்லாம் போட்டாள். ஒரு நாள் திடீர் மழையில் புடவை நனைந்துவிட்டது. குடிசைக்குள் வேறு புடவை மாற்றிக்கொண்டு, நனைந்ததை வேலிமேல் நீளமாக உலர்த்தினாள். நல்ல கிளிப்பச்சை, அரக்கு பார்டர். கொஞ்ச நேரத்தில் கெஸ்லர் வேகமாக நடந்து வந்தார்.

"ஹெர் குருமூர்த்தி, இது எந்த நாட்டின் கொடி?"

"கொடி இல்லை. என் மனைவியின் புடவை."

"தோட்டத்தில் இரண்டு கொடிகளுக்குத்தான் அனுமதி. நாட்டுக் கொடி, சங்கக் கொடி."

"இது துணி, ஐயா."

"கொடியும் துணிதான்" என்றார். "அகற்றிவிடுங்கள். இது பற்றிய எச்சரிக்கை உங்களுக்குத் தபாலில் வரும்."

"இப்போதுதான் சொல்லிவிட்டீர்களே. புரிந்துகொண்டேன். எதற்குத் தபால்?"

கெஸ்லர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நேரில் சொன்னது சொன்னதாகாது, ஹெர் குருமூர்த்தி. காகிதத்தில் வந்தால்தான் சொன்னது."

அப்படியே தபாலில் வந்தது. சங்கத்தின் முத்திரை, கெஸ்லரின் கையெழுத்து, நல்ல கெட்டிக் காகிதம். அவர் சொன்ன வார்த்தைகளையே எழுதியிருந்தார். 'கொடியும் துணிதான்' என்பது உட்பட.

மதிய ஓய்வு நேரத்தில் மண்வெட்டியைத் தொடக்கூடாது என்பதால் வத்சலா குடிசைக்குள் உட்கார்ந்து, அகராதியை வைத்துக்கொண்டு அந்த விதிப் புத்தகத்தைப் படிக்க ஆரம்பித்தாள். வேறு ஜெர்மன் புத்தகம் எங்களிடம் இல்லை. அவள் கற்றுக்கொண்ட ஜெர்மன் முழுவதும் அதிலிருந்து வந்ததுதான். கடையில் பால் கேட்க அவளுக்கு நா எழாது. ஆனால் 'மேற்படி உறுப்பினர் முன்னறிவிப்பின்றித் தவறும் பட்சத்தில்' என்று மூச்சுவிடாமல் சொல்வாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. பொழுது போகிறதே என்று விட்டுவிட்டேன்.

ஆனால் தோட்டம் கைகொடுக்கவில்லை. மிளகாய்ச் செடி ஒரு சாண் வளர்ந்து குளிரில் சுருண்டது. கத்திரி பூவே வைக்கவில்லை. வத்சலா மறுபடியும் மௌனமாகிவிட்டாள். ஒரு நாள் பெட்டியைக் கீழே இறக்கித் துடைத்துவைத்தாள். தூசியாக இருந்ததாம். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துத் தோட்டத்து ஃப்ராவ் ஹியூப்னர் மண்டி போட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். கணவரை இழந்த அம்மாள், கோஸ் வளர்ப்பதில் கெட்டிக்காரி. பிடுங்கியதை எல்லாம் குப்பைக் குவியலில் எறிந்துகொண்டிருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற வத்சலா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னங்க, அந்த அம்மா மணத்தக்காளியைத் தூக்கிப் போடறாங்க."

பார்த்தேன். அதே இலை, அதே வெள்ளைப் பூ, கொத்துக் கொத்தாகப் பச்சைக்காய். அடுத்த துண்டிலும் இருந்தது, அதற்கு அடுத்ததிலும் இருந்தது. ஊர் முழுக்க விளைந்து கிடந்திருக்கிறது. நாங்கள்தான் ஒரு வருஷம் வாய்ப்புண்ணோடு ரொட்டி தின்றிருக்கிறோம்.

நான் போய், அந்தச் செடிகளை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஃப்ராவ் ஹியூப்னர் மகிழ்ந்துபோனார். செய்தி பரவி, எல்லாரும் எங்களைக் கூப்பிட்டார்கள். கடைசித் துண்டுக்காரர் ஹெர் ட்ஸாண்டர் எங்களைக் கண்டு எழுந்து நின்று கும்பிடாத குறை. அவர் பியர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தோட்டத்துக்கு வந்தால் நாற்காலியில் படுத்துத் தூங்குவார். அவர் நிலத்தில் மணத்தக்காளி இடுப்புயரம் நின்றது. அதற்காகச் சங்கத்திடம் பல எச்சரிக்கைகள் வாங்கிக் குடிசையில் அடுக்கி வைத்திருந்தார்.

வத்சலா சில செடிகளை வேரோடு கொண்டுவந்து எங்கள் நிலத்திலும் நட்டாள். கூட்டு, மசியல், வத்தக்குழம்பு என்று வீடு மணத்தது. காயை மோரில் ஊறவைத்து, வெயில் வரும்போதெல்லாம் குடிசைக் கூரையில் காயவைத்தாள். ஜெர்மன் வெயில் தலையைக் காட்டிவிட்டு ஓடிவிடும், இவள் தட்டைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடுவாள். சமையலறையில் பாட்டு முணுமுணுப்பு கேட்டது. பெட்டி மறுபடியும் மேலே ஏறியது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் மாதம் ஃப்ராவ் ஹியூப்னர் எங்களுக்குத் தட்டு நிறைய பிளம் கேக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டோம். தட்டைத் திருப்பித் தர வேண்டும். வெறும் தட்டை எப்படித் தருவது? நம் வீடுகளில் ஒரு பிடி சர்க்கரையாவது வைக்காமல் அடுத்த வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பித் தருவோமா? வத்சலா மணத்தக்காளி வத்தலை நெய்யில் பொரித்துத் தட்டு நிறைய வைத்தாள். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தன் தட்டு நிறைந்து திரும்பி வந்தது அந்த அம்மாளின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாம். நெகிழ்ந்துபோய்விட்டார். நின்றபடியே கொறிக்க ஆரம்பித்தார். மொறுமொறு என்று நன்றாக இருக்கிறது, இது என்ன என்று கேட்டார். என் வாயை நான் மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பெருமை பிடிபடாமல், அவருடைய குப்பைக் குவியலைக் காட்டினேன்.

"உங்கள் தோட்டத்துச் செடிதான். அதோ அது."

ஃப்ராவ் ஹியூப்னர் தட்டைக் கீழே வைத்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அமைதியாக, "பாம்பெர்கில் என் தங்கை இருக்கிறாள். அவளுக்குச் சொல்லிவிடுங்கள்" என்றார். அந்தச் செடி விஷம் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம். நாங்கள் அதை முயலுக்குப் போடக் கொண்டுபோகிறோம் என்று அவர் நினைத்திருந்தார். முயல் செத்தால் என்ன என்றும் நினைத்திருக்கிறார் போலிருக்கிறது.

நான் பதறிப்போய் ஆளைக் கூப்பிட்டேன். வந்தது கெஸ்லர். சாகக் காத்திருக்கும் அம்மாளை அவர் எதுவும் கேட்கவில்லை. கடிகாரத்தை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்?"

"ஒன்றரை இருக்கும்."

"ஓய்வு நேரத்திலா?" கெஸ்லர் தட்டிலிருந்து ஒரு வத்தலை எடுத்து விரலால் நசுக்கினார். அது நொறுங்கியது. "இதைக் கடித்தால் சத்தம் வருமே."

டாக்டர் வந்தார். வயிற்றை அமுக்கினார், நாக்கைப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார். சோதனைக்கு என்று சொல்லி ஒரு பிடி வத்தலைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு போனார். முடிவு இன்றுவரை வரவில்லை. ஃப்ராவ் ஹியூப்னர் சாயங்காலம்வரை பெஞ்சில் காத்திருந்துவிட்டு, பசித்ததால் எழுந்து வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரம் தபால் வந்தது. நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காய்கறி இருக்க வேண்டிய இடத்தில் நாங்கள் களையை, அதுவும் விஷக் களையை, நீர் பாய்ச்சி வளர்ப்பதாகக் குற்றச்சாட்டு. விசாரணைக் குழு அமைத்தாகிவிட்டது. பொதுக்குழுவிலேயே விசாரணை நடக்கும். குற்றம் உறுதியானால் நிலம் திரும்ப எடுக்கப்படும்.

வத்சலா அதை என்னைவிட வேகமாகப் படித்து முடித்தாள். "தோட்டத்தைப் புடுங்கிட்டா நான் கிளம்பறேங்க. மறுபடியும் அந்த ஜன்னலைப் பாத்துட்டு என்னால உக்கார முடியாது" என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். அந்தச் சாந்தம்தான் என்னைக் கொன்றது.

ரவிச்சந்திரனிடம் போனேன். "எதுக்கு ஆர்க்யுமெண்ட்? எல்லார் முன்னாடியும் சாப்பிட்டுக் காமிச்சிடு, குரு. நீ உயிரோட இருந்தா கேஸ் க்ளோஸ்" என்றான். இல்லாவிட்டாலும் கேஸ் க்ளோஸ்தான் என்பதை அவன் சொல்லவில்லை.

சாப்பிட்டுக் காட்டுகிறேன் என்று சங்கத்துக்கு எழுதிப் போட்டேன். பொதுக்குழு அக்டோபரில் கூடியது. மேடையில் ஒரு மேஜை, எனக்கு ஒரு நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால் முதலுதவிக்காரர் ஒருவர் ஸ்ட்ரெச்சரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வந்ததும் என் உயரத்தைக் கண்ணால் அளந்து, ஸ்ட்ரெச்சரைக் கொஞ்சம் நீட்டிவிட்டார். கெஸ்லர் எழுந்து பேசினார்.

"உறுப்பினர்களே, இந்தச் சங்கம் வெளிநாட்டவருக்கு எதிரானது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்தவற்றை நாம் அன்போடு வளர்க்கிறோம். உருளைக்கிழங்கு வெளிநாடு. தக்காளி வெளிநாடு. டூலிப் வெளிநாடு. ஆனால் அவை வரிசையில் நிற்கின்றன. நாம் நட்ட இடத்தில் முளைக்கின்றன. இந்தச் செடியைப் பாருங்கள். யாரும் விதைக்கவில்லை, யாரும் நீர் ஊற்றவில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வளர்கிறது. நான் கேட்கிறேன், ஒரு செடி சங்கம் இல்லாமலே வளருமானால், பிறகு சங்கம் எதற்கு?"

பலத்த கைதட்டல். அது தங்களுக்கே எதிரான கேள்வி என்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

வத்சலா சம்புடத்தைத் திறந்தாள். சாதம், மணத்தக்காளிக் கூட்டு, பொரித்த வத்தல். நான் சாப்பிட்டேன். மெதுவாகத்தான். பயத்தால் இல்லை, அத்தனை பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் இறங்கும்? ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று குழு தீர்மானித்தது. சும்மா காத்திருப்பது விதிப்படி கூட்டம் ஆகாது என்பதால், காத்திருக்கும் நேரத்தில் சென்ற ஆண்டு அறிக்கையைப் படித்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு மயக்கம் வந்தது உண்மை. அதற்கு அறிக்கைதான் காரணம்.

நடுவில் ட்ஸாண்டர் கையைத் தூக்கினார். ஓர் இந்தியர் சாகாமல் இருப்பது சரியான நிரூபணம் அல்ல, ஒரு ஜெர்மானியரும் சாகாமல் இருக்க வேண்டும், அதற்குத் தான் தயார் என்றார். குழு ஒப்புக்கொண்டது. மனிதர் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முதலுதவிக்காரரும் ஸ்ட்ரெச்சரை மடித்து வைத்துவிட்டு ஒரு தட்டு வாங்கிக்கொண்டார்.

மணியடித்தது. கெஸ்லர் என்னிடம் வந்து குனிந்தார்.

"எப்படி இருக்கிறது?"

"உப்பு கொஞ்சம் குறைவு."

அதைக் குறித்துக்கொண்டார்கள். ஓட்டெடுத்தார்கள். மணத்தக்காளி காய்கறி என்று தீர்மானம் நிறைவேறியது. ட்ஸாண்டர் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரே நிமிஷத்தில் அவருடைய காடு சங்கத்திலேயே அதிகக் காய்கறி விளையும் தோட்டமாகிவிட்டது. நான் வத்சலாவைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கெஸ்லர் இன்னும் உட்காராமல் நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த விஷயம்" என்றார் கெஸ்லர். "காய்கறித் திருட்டு."

என் பக்கம் திரும்பினார்.

"ஹெர் குருமூர்த்தி, இந்த நிமிஷம்வரை நீங்கள் பிறர் தோட்டத்தில் களை பறித்தவர். அதற்குச் சங்கம் நன்றி சொல்லியிருக்கும். ஆனால் அது காய்கறி என்று உங்கள் வாயாலேயே நிரூபித்துவிட்டீர்கள். ஆகவே கோடை முழுவதும் நீங்கள் பறித்தது பிறருடைய காய்கறி. திருட்டுக்கு விதி ஒன்றுதான். வெளியேற்றம்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. நான் எழுந்து, "அவர்களே கூப்பிட்டுக் கொடுத்தார்கள் ஐயா" என்றேன்.

"எழுத்தில் கொடுத்தார்களா?"

"நேரில் சொன்னார்கள்."

கெஸ்லர் கையை விரித்தார். சபை முழுவதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. ஃப்ராவ் ஹியூப்னர், தான் கொடுத்தது உண்மைதான் என்று சொல்ல எழுந்தார். அவரும் அதை நேரில்தான் சொல்ல வந்திருக்கிறார் என்று சுட்டிக்காட்டி உட்காரவைத்துவிட்டார்கள்.

"எனக்கும் வருத்தம்தான்" என்றார் கெஸ்லர். குரல் தழுதழுத்தது, நடிப்பில்லை. "மனிதன் என்ற முறையில் நான் உங்கள் பக்கம். ஆனால் இந்தக் கூட்டத்துக்கு நான் மனிதனாக வரவில்லை."

எனக்குக் கண் இருட்டியது. பெட்டி கீழே இறங்குவதும், ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்தில் அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போவதும் தெரிந்தது. அவள் இல்லாத அந்த மூன்றாவது மாடிக்கு நான் எப்படிப் போவேன்?

அப்போது வத்சலா எழுந்தாள். கடையில் பால் கேட்கத் தெரியாதவள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜெர்மனில் ஆரம்பித்தாள்.

"மதிப்புக்குரிய தலைவர் அவர்களே. சங்கத்தில் அங்கீகரிக்கப்பட்ட ஒவ்வொரு காய்கறிக்கும் ஒரு பொறுப்பு நிபுணர் நியமிக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பது விதி. கோஸுக்கு ஃப்ராவ் ஹியூப்னர் இருக்கிறார். உருளைக்கிழங்குக்குத் தாங்கள் இருக்கிறீர்கள். சற்றுமுன் அங்கீகரிக்கப்பட்ட மேற்படி காய்கறிக்கு யார்?"

கெஸ்லரின் கை விதிப் புத்தகத்தைத் தேடியது.

"நிபுணர் இல்லாத காய்கறியைச் சங்கம் அங்கீகரித்தல் கூடாது. அங்கீகரித்துவிட்டது. எனவே இந்தக் கணத்தில் விதியை மீறி நிற்பது சங்கம். அதன் தலைவர் என்ற முறையில், தாங்கள்."

கெஸ்லர் புத்தகத்தைப் புரட்டினார், கண்டுபிடித்தார், நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. முதலுதவிக்காரர் மடித்த ஸ்ட்ரெச்சரை மறுபடியும் பார்த்தார்.

"இதற்குப் பரிகாரமும் விதியிலேயே உண்டு" என்றாள் வத்சலா. "நிபுணரின் நியமனத்தைப் பருவத்தின் முதல் நாளிலிருந்து செல்லத்தக்கதாக அறிவிக்கலாம். நிபுணர் எந்த உறுப்பினரின் தோட்டத்திலும் நுழைந்து, தேவையான அளவு மாதிரி எடுக்க அதிகாரம் பெற்றவர். உதவியாளரையும் வைத்துக்கொள்ளலாம். ஆகவே கோடையில் பறிக்கப்பட்டவை மாதிரிகள். மேற்படி பதவிக்கு நான் என்னையே முன்மொழிகிறேன்."

"வழிமொழிகிறேன்" என்று ட்ஸாண்டர் கத்தினார்.

ஒரு கைகூட எதிர்த்து உயரவில்லை. நிலம் நிரந்தரமானது, நான் உதவியாளரானேன். கெஸ்லர் மேடையிலிருந்து இறங்கி வந்து வத்சலாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்ணில் நீர் நின்றது. "அந்த அத்தியாயத்தை எழுதியது நான்தான், ஃப்ராவ் குருமூர்த்தி. ஒருவராவது படிக்க மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் அந்தப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில், கைக்கு எட்டாத மூலைக்குத் தள்ளினேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அடுத்த வசந்தத்தில் வத்சலாவுக்குச் சங்கத்திலிருந்து பித்தளை வில்லையும், கெஸ்லரின் கையால் ஒரு மடக்குக்கோலும் வந்தன. சைக்கிள் கற்றுக்கொண்டாள். அவள் வருவதைக் கண்டால் ஜனங்கள் நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தார்கள். கடையிலும் இப்போது தயக்கமில்லை. 'பால் வழங்கப்படுதல் வேண்டும்' என்பாள், உடனே கொடுத்துவிடுவார்கள். மணத்தக்காளிக்கு அவள் விதி எழுதினாள். செடிக்குச் செடி முப்பது சென்டிமீட்டர் இடைவெளி, வரிசை நேராக இருக்க வேண்டும். முதல் எச்சரிக்கை ட்ஸாண்டருக்குப் போனது.

அவர் என்னை வழியில் மடக்கினார். "அது களையாக இருந்தபோது நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தேன்.

ஒரு நாள் எங்கள் நிலத்திலேயே அவள் குனிந்து ஒரு செடியை வேரோடு பிடுங்கி எறிவதைப் பார்த்தேன். கொழுகொழுவென்று மணத்தக்காளி.

"அதை ஏன் புடுங்கறே?"

"வரிசைக்கு வெளியில முளைச்சிருக்குங்க. வரிசைக்கு வெளியில முளைச்சா அது களை."

ஜூன் மாதம் எனக்கு வாய்ப்புண் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், வத்சலா கெஸ்லரோடு வேலி அளக்கப் போயிருந்த நேரத்தில், எங்கள் செடியில் ஒரு கொத்துக் கிள்ளி வாயில் போட்டு மென்றேன். சரக்கு ரயில் கூட அப்போதுதான் போனது. வேறு யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை ஆபீஸிலிருந்து வந்தபோது தபால் பெட்டியில் கெட்டிக் காகித உறை இருந்தது. ஓய்வு நேரத்தில் அறுவடை செய்ததற்காக உதவியாளர் குருமூர்த்திக்கு முதல் எச்சரிக்கை. கூடவே, மேற்படியாரின் வேலி ஒன்றேகால் மீட்டரைத் தாண்டி நிற்பதாகவும் கண்டிருந்தது. சங்க முத்திரை. அடியில் வத்சலாவின் கையெழுத்து, தமிழில்.

மூன்று மாடி ஏறினேன். அவள் சமையலறையில் கீரை கடைந்துகொண்டிருந்தாள். காகிதத்தை அவள் முன்னால் வைத்தேன்.

"ஒரே வீட்டுலதானே இருக்கோம், வத்சலா. இதை நேர்ல சொல்லியிருக்கலாமே?"

"நேர்ல சொன்னது சொன்னதாகாதுங்க."

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வாயைத் திறந்தால் புண் வலித்தது.

"கோடை முடிஞ்சா ஊருக்குப் போயிடறேன்னு போன வருஷம் சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

வத்சலா மத்தைத் தட்டிவிட்டு, என் தட்டில் கீரையைப் போட்டாள்.

"அதையும் நேர்லதானே சொன்னேன்."